விளிம்பு மடித்த கவசம்

அருள்,

உன் பிலோமினா அத்தை ஈப்போவில் தொடங்கி ஜொகூர் வரைக்கும் பரப்பியிருக்கும் செய்தி இதற்குள் உன் காதுக்கும் வந்திருக்கும். எழுபத்திரண்டு வயதில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டதாம். தகரச் சட்டை மாட்டிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போய், ரப்பர் தோட்டத்தில் வாளெடுத்துச் சண்டை போட்டேனாம். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு நோயாளியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்கள். ஆகவே முதலில் திருத்தம். அது தகரம் இல்லை, அலுமினியம். ரப்பர் தோட்டம் என்பதும் பழைய கதை. அங்கே இப்போது செம்பனைதான், பழைய பந்துத் திடல் ஒன்றுதான் மிச்சம். வாளை நான் தொடவே இல்லை. மூன்று அடி வாங்கினேன், அவ்வளவுதான். அதையும் நானாகக் கேட்டு வாங்கினேன். ஏன் கேட்டேன் என்பதை அத்தைக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. உனக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கவசத்தைத் தொடங்கியவன் நீ.

நாம் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. நீ உடம்பைப் பற்றிக் கேட்கிறாய், நான் நன்றாக இருக்கிறேன் என்கிறேன், அதோடு முடிகிறது. காரணம் இரண்டு பேருக்கும் தெரியும், இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுதிவிடுகிறேன். தைப்பிங்கிலிருந்து பெண் வீட்டார் உன்னைப் பார்க்க வந்த அன்று, கார் நிறுத்தும் இடம் முழுக்க நீ பாதி அடித்து வைத்திருந்த மார்புக் கவசங்கள் கிடந்தன. நான் இரண்டு போர்வையை எடுத்து அவற்றை மூடினேன். பெண்ணின் தாயார் உன்னைப் பார்த்து, "தம்பி என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள், ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்று நான் சொல்லிவிட்டேன். அந்த வேலையை நீ விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் நீ போர்வையை இழுத்து எறிந்தாய்.

"ஏன்மா, நான் என்ன திருடிட்டா வந்தேன்? மூடி வெக்கிறீங்க?"

"முப்பத்தோரு வயசுல ராஜா வேஷம் போட்டு வெளயாடுறவங்களுக்குச் சட்டி அடிச்சுக் குடுக்குறான்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா மா. அதத்தான் சொல்லச் சொல்றேன்."

அடுத்த வாரம் நீ ஜொகூருக்குப் போய்விட்டாய். பொய் சொன்னது நான். கான்வென்டில் படித்து, முப்பது வருடம் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து, வீட்டில் அக்கா போட்டுக் கொடுத்த தையலைத் தன்னுடையது என்று கொண்டுவந்த பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான். அன்று என்னை யாரும் வெளியே நிறுத்தவில்லை. நீயே வெளியேறினாய்.

உன் அப்பா அன்று உயிரோடு இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார். அலுமினியம் அவருக்குப் புதிது இல்லை. தோட்டத்து ரப்பர் ஆலையில் அவர் ஃபிட்டராக இருந்த காலத்தில் பால் உறைய வைக்கும் தட்டுகள் எல்லாம் அலுமினியம்தான். நெளிந்து வருவதையெல்லாம் அவர்தான் தட்டி நிமிர்த்துவார். நீ முதன்முதலில் செய்த மார்புக் கவசத்தை அவர் என்ன செய்தார் என்று நினைவிருக்கிறதா? ரம்புத்தான் மரத்தில் முசுறு எறும்பு மொய்த்திருந்த நாளில் அதை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். தெருவே சிரித்தது. நான் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் ஒரு கூடைப் பழத்தோடு இறங்கி வந்து, "நெஞ்சுல ஒரு கடி இல்ல. கழுத்துலதான் கடிச்சிருச்சு. பையன்கிட்ட சொல்லு, காலர் வெக்கணும்" என்றார். அவர் குறையைச் சொன்ன விதம் அது. பொருளை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் போட்டுப் பார்க்காமலே சொன்னேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஷாமளா வீட்டுக்கு வந்தாள். மருந்தகத்தில் வேலை செய்கிற பெண், உன் விளையாட்டுக் குழுவின் தலைவி, உனக்குத் தெரியாதவள் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஆண்ட்டி, அருள் அண்ணே வெச்சிட்டுப் போன சாமானு இன்னும் இருக்கா? பாதியா இருந்தாலும் பரவால்ல லா. கயிறு கட்டியாச்சும் போட்டுக்கிறோம்" என்றாள். என்ன விளையாட்டு, என்ன விதி என்று அன்றுதான் நான் கேட்டேன். ஒரு கதையை வைத்துக்கொண்டு இரண்டு படையாகப் பிரிந்து நாள் முழுக்க மோதுவீர்களாம். வாள் வெறும் ஸ்பாஞ்சு, மேலே ரப்பர் பால் பூச்சு. அடி பட்டால் ஆள் விழ வேண்டும். உலோகக் கவசம் போட்டிருந்தால் மட்டும் கூடுதலாகச் சில அடி தாங்கலாம். ஆனால் இரும்புக் கவசத்தை நம் வெயிலில் இரண்டு மணி நேரம் சுமப்பதே பெரும்பாடு. நீ இங்கே இருந்தபோதே ஒரு தடவை அவர்கள் ஆள் ஒருவர் மயங்கியே விழுந்துவிட்டாராம். அதனால்தான் எட்டுப் பேருக்கும் எடை குறைந்த கவசம் செய்து தருவதாக நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். வாக்குக் கொடுத்தாய் என்பதே எனக்குத் தெரியாது. என் நாக்கினால் உன் வாக்கும் சேர்ந்து உடைந்திருக்கிறது.

"கயிறு கட்டியா? இந்த வீட்டுலேருந்து பாதி தச்சது எதுவும் வெளிய போனதில்ல. எட்டுப் பேரையும் சனிக்கிழமை கூட்டிட்டு வா. அளவு எடுக்கணும்."

"ஆண்ட்டி... நீங்களா?"

"பின்ன, வேற யாராச்சும் உள்ள இருக்காங்களா?"

அவள் போனபிறகு நீ விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து சாயாமல் இருந்ததில் எனக்குத் திருப்தி. அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தாய். டைட்டானியம் அதைவிட உறுதி, ஆனால் நம் கருவிகளுக்கு மசியாது என்று எழுதி அடித்திருந்தாய். தகடு மெலிதானால் நெளிகிறது, தடித்தால் கனக்கிறது. வெட்டிய ஓரம் கத்தியாக நிற்கிறது, தேய்த்தாலும் விளையாட்டுக்கு முன் நடக்கும் சோதனையில் தேறவில்லை. கடைசிப் பக்கத்தில் 'விளிம்பு?' என்று ஒரே சொல், கீழே மூன்று கோடு. எட்டுக் கவசத்துக்கும் போதுமான தகடு சுருளாகக் கட்டி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. நீ அடித்து வைத்திருந்தவை பழைய அளவுக்கு அடித்தவை. இரண்டு வருடத்தில் ஆட்கள் மாறியிருந்தார்கள், இருந்தவர்களும் பருத்திருந்தார்கள். புதிதாகவே வெட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புந்தோங்கில் கார் ஒடுக்கு எடுக்கிற முனியாண்டியிடம் போனேன். அவர் மகள் என்னிடம் தையல் படித்தவள், அதனால் அவருக்கும் நான் டீச்சர்தான். உன் படங்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அலாமா டீச்சர், நான் காடி கதவத் தட்டுறவன். காடி மூச்சு விடாது. மனுசன் விடுவானே."

"மூச்ச நான் பாத்துக்குறேன். நீங்க தட்டுங்க."

நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதை எழுதுகிறேன், குறித்துக்கொள். எட்டுப் பேரையும் கூடத்தில் நிறுத்தி, மார்பு அளவை மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தியபோது எடுத்தேன். முதுகு அளவைக் கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி எடுத்தேன். சும்மா நிற்கிற மனிதனுக்கு அளவெடுத்தால் அவன் சும்மா நிற்கும்போது மட்டும்தான் அது சரியாக இருக்கும். பழுப்புத் தாளில் வடிவம் வெட்டி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிக் கொடுத்தேன். முனியாண்டி தாளைத் தகட்டில் ஒட்டி, எட்டுப் பேருக்கும் ஒரே மூச்சில் வெட்டி முடித்து, வளைத்தும் வைத்துவிட்டார். விளையாட்டுக்குப் பத்து நாள் இருந்தது.

ஷாமளாவுக்கு முதலில் மாட்டிப் பார்த்தோம். இரண்டு கையும் பக்கவாட்டில் விறைத்துக்கொண்டு, கொடிக்கம்பில் காயப்போட்ட சட்டை மாதிரி நின்றாள். குனிய முடியவில்லை, கையை மடக்க முடியவில்லை. "ஆண்ட்டி, மூக்கு அரிக்குது. யாராச்சும் சொறிஞ்சு விடுங்களேன்" என்று கெஞ்சினாள். முனியாண்டி பழைய டயர் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அளவு நாடாவை வைத்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"டீச்சர், சுத்தியும் முக்கா அங்குலம் கூட இருக்கே. எதுக்கு?"

"தையலுக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐம்பது வருடமாகத் தையலுக்கு இடம் விடாமல் ஒரு தாளையும் நான் வெட்டியதில்லை. கை தானாக விட்டிருக்கிறது. அவர் என்னையே பார்த்தார். "தையலுக்கா? இதத் தைக்கிற மெசினு எந்தக் கடையில இருக்கு டீச்சர்?"

எட்டுக் கவசமும் பாழ். வேறு தகடு கிடையாது, தருவிக்க நாளும் கிடையாது. முனியாண்டி நல்லவர், உடனே வழி சொன்னார்: "பரவால்ல டீச்சர், கூட இருக்குறத வெட்டி எறிஞ்சிருவோம்." நான் சரி என்று தலையாட்டத்தான் போனேன். ஆனால் வெட்டினால் மறுபடி வெட்டிய ஓரம்தான் வரும். நீ மூன்று கோடு போட்டு நிறுத்திய இடத்துக்கே நாங்களும் போய் நிற்போம். துணியில் ஓரத்தை நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வெட்டியபடி ஒருநாளும் விட்டதில்லை. கான்வென்டில் எங்கள் தையல் சிஸ்டர் உடுப்பைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். பிரிந்த நூல் ஒன்று தெரிந்தால் முழுவதையும் பிரிக்கச் சொல்வார். நான் நான்கு முறை பிரித்திருக்கிறேன், அழுதுகொண்டே.

"வெட்ட வேணாம். மடிங்க."

"எத மடிக்கிறது?"

"ஓரத்த. பாவாட ஓரம் மடிக்கிற மாதிரி, வெளிப்பக்கமா சுருட்டி மடிங்க."

முதல் மடிப்பிலேயே தகடு விரிசல் விட்டது. வளைந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல், பிறகு நீளமாக வெடித்துவிட்டது. முனியாண்டி சுத்தியலைக் கீழே வைத்தார். நான் உன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படித்தேன். நடுவில் ஓர் இடத்தில் எழுதியிருந்தாய்: தகடு முரண்டு பிடித்தால் சவுக்காரம் தடவு, நெருப்பு காட்டு, சவுக்காரம் கருத்ததும் நெருப்பை எடு. அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காது, சிவக்கட்டும் என்று காத்திருந்தால் உருகிப்போகும். நான் வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியை எடுத்து வந்தேன். தடவினோம், நெருப்பு காட்டினோம், கருத்தது, எடுத்தோம். ஆறிய பிறகு அந்த ஓரம் புதுப் பாப்ளின் துணி மாதிரி மடிந்தது. கழுத்து வளைவில் மட்டும் சுருக்கம் விழப் பார்த்தது. அதை இழுத்து மடிக்காமல், துணியில் சுருக்கத்தைத் தேய்த்து அடக்குவதுபோல் சிறு சிறு தட்டாகத் தட்டி அடக்கச் சொன்னேன். தட்டத் தட்ட உலோகம் மறுபடி இறுகியது. ஓரம் முழுக்கச் சுருண்டு முடிந்ததும், அந்த மெலிந்த தகட்டின் மேல் முனியாண்டி முழங்காலை வைத்து அழுத்தினார். நெளியவில்லை. இன்னும் அழுத்தினார்.

"டீச்சர், இது காடி பம்பர் மாதிரி நிக்கிது லா!"

விளங்குகிறதா அருள்? கூர் போயிற்று, மெலிந்த தகட்டுக்கு உறுதியும் வந்தது, எடையும் ஏறவில்லை. அளவும் மிகச் சரியாக உட்கார்ந்தது. நீ விட்டுப்போன கேள்விக்கு என் தவறு பதில் சொல்லியது. என் தவறு வெடித்துப்போகாமல் உன் குறிப்பு காப்பாற்றியது. இந்தப் பெருமையை உன்னோடு பங்கிட்டுக்கொள்ள நான் தயார். ஆனால் விளிம்பு என்னுடையது, அதை விட்டுத்தர மாட்டேன். வெடித்த ஓரத்துக்கு ஒட்டுப்போட்டு அதையும் சேர்த்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் எட்டும் முடிந்தன. உள்பக்கத்தை நானே தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

விளையாட்டு நாளில் நானும் முனியாண்டியும் போனோம். திடலில் நுழையும் இடத்தில் சோதனை. நடுவர் ஒரு மலாய்க்காரர், கையில் பழைய நைலான் காலுறை ஒன்று வைத்திருந்தார். எல்லாக் கவசத்தின் ஓரத்திலும் அதை இழுத்துப் பார்ப்பார்; ஓர் இழை சிக்கினாலும் வெளியே. எங்களுக்கு முன்னால் வந்த குழுவின் கவசங்களில் மூன்று சிக்கின. எங்களுடைய எட்டிலும் காலுறை வழுக்கிக்கொண்டு போனது. அவர் ஓரத்தை விரலால் சுற்றித் தடவிவிட்டு என்னைப் பார்த்து, "மக்சிக், நீங்கள் செய்ததா?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். ஆனால் தகட்டின் மெலிவு அவருக்குப் பிடிக்கவில்லை. அடி பட்டு உள்ளே மடங்கினால் விலாவைக் கவ்வும் என்றார். புதிய ஆள் செய்த கவசத்தை ஒருவர் மாட்டிக்கொண்டு அடி வாங்கிக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்களாம். ஷாமளா முன்னால் வந்தாள். நான் அவளைப் பின்னால் போகச் சொன்னேன். மடங்கினால் நான் மடித்த ஓரம்தான் மடங்கும். அது ஊரார் பிள்ளையின் விலாவில் மடங்கக் கூடாது. அவள் கவசத்தை வாங்கிச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டேன்.

நடுவருக்குக் கை எழவில்லை. ஸ்பாஞ்சு வாளால் தூசி தட்டுவதுபோல் ஓர் அடி அடித்தார். "இதெல்லாம் அடியா? பின்னால் வரிசை நிற்கிறது, ஒழுங்காக அடியுங்கள்" என்றேன். இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது அடியின் சத்தத்துக்குத் திடலே திரும்பிப் பார்த்தது. என் கால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. உள்ளே எனக்கு அடி ஒன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து மார்பையும் ஓரங்களையும் பார்த்தார், விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார், பிறகு சிரித்துவிட்டு, "லூலுஸ்!" என்றார். எட்டுக்கும் தேர்ச்சி. யாரோ கைப்பேசியில் எடுத்து, கடைசியில் அத்தை பார்த்த படம் அந்த மூன்றாவது அடிதான்.

அதன் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நடுப்பகலுக்குள் எதிர்ப்படையில் இரும்பு போட்டவர்கள் ஒவ்வொருவராகச் செம்பனை நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். "என்னா மச்சான், சட்டி சூடாயிருச்சா?" என்று ஷாமளா கத்தினாள். "நீங்க போட்டிருக்குறது என்னா, பிஸ்கட் டின்னா?" என்று அங்கிருந்து ஒருவன் கத்தினான். "டின்னுதான் லா! வந்து தெறந்து பாரு!" நம் எட்டுப் பேரும் மாலை நான்கு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். குனிந்தார்கள், விழுந்து எழுந்தார்கள், ஒருவன் மண்ணில் உருண்டான். ஒருவர் தோலிலும் ஒரு கீறல் இல்லை. கடைசியில் எதிரிகளின் கொடியை ஷாமளா பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தபோது நான் கத்தினேன். கான்வென்ட் முடித்த பிறகு நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

முடிவில் கவசம் செய்தவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேடை என்பது ஒரு லாரியின் பின்பக்கம். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இதச் செஞ்சவன் என் மகன் அருள். அவன் ஃபேக்டரி சூப்பர்வைசர் இல்ல. கவசம் அடிக்கிறவன். ஓரம் மட்டும்தான் என்னோடது." கீழேயிருந்து முனியாண்டி, "தட்டுனது நான் லா டீச்சர்!" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர் பேரையும் சொன்னேன். மறுநாள் தைப்பிங் வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுதி, அன்று என் மகனின் தொழிலைப் பற்றி நான் சொன்னது பொய் என்று தெரிவித்தேன். அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகிவிட்டது. அவர்களுக்கு இது இனித் தேவையில்லாத செய்திதான். எனக்குத் தேவைப்பட்டது.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உன் வேலையை ஆராய்ந்து பார்த்துச் சரியில்லை என்று சொன்னவளாக இருந்தால் கேட்க மாட்டேன். பார்க்காமலே வெட்கப்பட்டேன், அதற்காகக் கேட்கிறேன். நாளைக்கு உனக்குப் பெண் அமைந்தாலும், உன் வேலையைப் பற்றி நீயே முதலில் சொல். யாரையும் உனக்காகப் பேச விடாதே. என்னையும்தான்.

இப்போது இன்னும் இரண்டு குழுக்கள் பதினைந்து கவசம் கேட்கின்றன. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியவன் நீ. அதோடு தோள் எங்களுக்கு வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிற மாதிரி நீ போட்டிருக்கும் தோள் தகடுகளின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முனியாண்டி தலைகீழாகக்கூடப் பார்த்தார். கடைசியில் ஒற்றைத் தகட்டைத் தொப்பி மாதிரி கவிழ்த்து வைத்தோம். கை காது வரைதான் எழுகிறது, அதற்குமேல் இடிக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றை நேராகச் சொல்கிறேன். நீ வராவிட்டாலும் அந்தத் தோளை எப்படியாவது நான் கற்றுக்கொள்வேன். நீ இந்த வீட்டில் இருப்பதை என்னால் கற்றுக்கொண்டு செய்ய முடியாது.

திரும்பி வந்து இந்த வேலையை என்னோடு செய்கிறாயா, இல்லை உன் நோட்டையும் கருவிகளையும் ஜொகூருக்கு அனுப்பிவைக்கட்டுமா? எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன். பதிலைத் தாளில், உன் கையால், முழு வாக்கியமாக எழுதி அனுப்பு.

அம்மா